ஆய்வேடு, ஆய்வு நூல், மோனோகிராப், உரை: எந்த எழுத்துக்கு எந்தப் பெயர்?

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், கடையைச் சாத்துகிற நேரத்தில் ஒரு பெண் வந்தார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தட்டச்சும் பைண்டிங்கும் செய்கிற கடை வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக ஆய்வேடுகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அவர் கையிலிருந்த மெரூன் கேலிகோ அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நான் கட்டிக் கொடுத்தது. கரையோர மீனவர்கள் காற்றுக்கும் கடலுக்கும் சொல்லும் பெயர்களைப் பற்றிய ஆய்வு. வாடை, கொண்டல், கச்சான் என்று தட்டச்சு செய்துகொண்டே இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

"அண்ணா, வைவா முடிஞ்சுது. பட்டமும் வந்துடுச்சு. இதை அப்படியே புத்தகமா போட்டுக் குடுத்துடுங்க. நூறு காப்பி."

"அப்படியே போட்டா அது புத்தகம் ஆகாதும்மா."

"ஏண்ணா? 280 பக்கம் இருக்கே. பத்தாதா?"

பக்கத்தை எண்ணித்தான் பெயர் வைக்கிறார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சின்னதாக இருந்தால் கட்டுரை, பெரிதானால் ஆய்வேடு, இன்னும் பெரிதானால் நூல். என் அனுபவத்தில் பக்கக் கணக்கு கடைசியாகப் பார்க்க வேண்டியது. யார் படிக்கப் போகிறார்கள், படித்துவிட்டு அவர்கள் என்ன முடிவு சொல்ல வேண்டும் என்பதில்தான் பெயர் இருக்கிறது. அன்றைக்கு அவரிடம் பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும். வீட்டில் மகனோ மருமகளோ தீசிஸ் எழுதுகிறேன் என்று ராத்திரி கண்விழிப்பதைப் பார்த்து, அப்படி என்னதான் எழுதுகிறார்கள் என்று யோசிக்கிற பெற்றோருக்கும் பயன்படும்.

மூன்று பேருக்காக எழுதுவது

அவர் கையில் இருந்தது ஆய்வேடு. பேச்சில் எல்லாருக்கும் தீசிஸ். ஏடு என்பது பனையோலை. கணினியில் அடித்து ஏ4 தாளில் அச்செடுத்தாலும் பெயரில் ஓலை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும்.

ஆய்வேடு என்பது ஒரு பட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கும் எழுத்து. அதைப் படிக்கப் போகிறவர்கள் யார் என்பது முதல் வரி எழுதும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம், கூடினால் ஆறு வருடம். முடிவில் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரோடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் அதை மதிப்பிட வேண்டும். அதாவது அத்தனை வருட உழைப்பைக் கட்டாயமாக வரிவரியாகப் படிக்கப் போகிறவர்கள் மூன்று பேர். அந்த மூவரும் அந்தத் துறையில் ஊறியவர்கள். சந்தேகப்படுவது அவர்கள் வேலை. "இதை உனக்கு முன்னால் யார் சொன்னார்கள்? தரவு எங்கே கிடைத்தது? எந்த முறையில் சேகரித்தாய்?" என்று கேட்பார்கள். அதனால்தான் ஆய்வேட்டில் முன்னாய்வுகள் என்று ஒரு இயல், ஆய்வு நெறிமுறை என்று ஒரு இயல், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. எழுதுபவர் தன் கைக்கணக்கை முழுதாகத் திறந்து காட்டுகிற எழுத்து அது.

ஒரு ஆய்வேட்டைத் திறந்து பாருங்கள். தலைப்புப் பக்கம், நெறியாளர் சான்றிதழ், ஆய்வாளர் உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம் எல்லாம் தாண்டித்தான் முதல் இயல் வரும். தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சாகியிருக்கும். இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் வெற்றிடம். தையலும் பசையும் அரை அங்குலத்தைத் தின்றுவிடும் என்பதற்காக அதை விடுகிறோம். வரிக்கும் வரிக்கும் நடுவில் தாராளமாக இடம், தேர்வாளர் பென்சிலால் குறிக்க வேண்டும் என்று. உருவத்திலேயே அது ஒரு விடைத்தாள்.

பெயரை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் தொழிலுக்கு வந்த புதிதில் பார்த்தேன். மாணவர் ஒருவர் எழுதிக் கொடுத்தபடி அட்டையில் 'முனைவர் பட்ட ஆய்வுக் கட்டுரை' என்று பொன்னெழுத்தில் அடித்துக் கொடுத்தோம். அலுவலகத்தில் ஐந்து படிகளையும் திருப்பிவிட்டார்கள். அட்டைகளைப் பிரித்து, புதிதாக எழுத்து அடித்து, மறுபடியும் கட்ட இரண்டு நாள் ஆனது. அதற்குள் கடைசித் தேதி தாண்டி, அவர் தாமதக் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. அவர் என் முன்னால் உட்கார்ந்து அந்தப் பணத்தை எண்ணி எடுத்து வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று முதல் அட்டை அடிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் பல்கலைக்கழகச் சுற்றறிக்கையை வாங்கிப் பார்க்கிறேன்.

ஆய்வுக் கட்டுரை வேறு பிறவி. அது ஆய்விதழுக்கோ கருத்தரங்குக்கோ போவது. ஒரு கேள்வி, அதற்கு ஒரு விடை, பத்து இருபது பக்கம். அதைப் படிக்கிறவர் அதே துறைக்காரர். அவருக்கு நீங்கள் தகுதியானவரா என்று சோதிக்கும் வேலை இல்லை. புதிதாக என்ன கிடைத்தது என்று தெரிந்தால் போதும். ஆய்வேட்டின் ஒரு இயலைச் சுருக்கிச் செதுக்கினால் நல்ல கட்டுரை வரும். ஐந்து கட்டுரைகளை அடுக்கித் தைத்தால் மட்டும் ஆய்வேடு வந்துவிடாது.

முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வியல் நிறைஞர் (எம்.ஃபில்.) பட்டத்துக்கும் ஆய்வேடு இருந்தது, மெலிந்தது. அதே 2022 விதிகளோடு அந்தப் பட்டம் நின்றுவிட்டது. முதுகலையில் கொடுப்பதை எல்லாரும் புராஜெக்ட் என்பார்கள், தமிழில் திட்டக் கட்டுரை. ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் கொடுக்கும் சினாப்சிஸ், ஆய்வுச் சுருக்கம்.

முன்பெல்லாம் ஆய்வேடு நூலக அலமாரியில் பூட்டிக் கிடக்கும். இப்போது காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் ஷோத்கங்கா என்ற மின்சேமிப்பகத்தில் நாடு முழுவதிலிருந்தும் வரும் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிறது. யாரும் காசில்லாமல் படிக்கலாம். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சுருக்கங்களுக்குத் தனிச் சேமிப்பகம். அதன் பெயர் ஷோத்கங்கோத்ரி. கங்கைக்குப் பிறப்பிடம் கங்கோத்ரி போல. எழுதத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் துறையில் மூன்று ஆய்வேடுகளை அங்கே திறந்து, பொருளடக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாருங்கள்.

புதுச்சேரிக்குப் போனால் வரும் குழப்பம்

கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணிக்குள் புதுச்சேரி. அங்கே இதே சொற்கள் வேறு பொருளில் நடமாடும். லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை, "நாளைக்கு டிசெர்த்தாசியோன் எழுதணும்" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். பிரெஞ்சில் அது பள்ளி மாணவர்கள் எழுதும் கட்டுக்கோப்பான கட்டுரை. பள்ளி இறுதித் தேர்வில் தத்துவப் பாடத்துக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறார்களே, அதில் ஒரு வகை. அவர்களுக்கு முதுகலை ஆய்வேடு மெமுவார், முனைவர் ஆய்வேடு தேஸ்.

ஆங்கிலத்துக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பிரிட்டனில் முனைவர் பட்டத்துக்குக் கொடுப்பது தீசிஸ், கீழ்ப் படிப்புக்குக் கொடுப்பது டிஸர்ட்டேஷன். அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படியே தலைகீழ். நாம் பிரிட்டன் வழியில் போகிறோம். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் டிஸர்ட்டேஷன் முடித்தேன் என்றால் அது முனைவர் பட்டம். இங்கே தம்பி அதையே சொன்னால் முதுகலை.

சொற்களின் வேரைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். தீசிஸ் கிரேக்கச் சொல்; வைத்தல் என்று பொருள். சபை நடுவே ஒரு கருத்தை எடுத்து வைப்பது. டிஸர்ட்டேஷன் லத்தீனிலிருந்து வந்தது. ஒன்றை விரித்து விவாதிப்பது. எஸ்ஸே என்பது பிரெஞ்சில் முயற்சி. ட்ரீட்டிஸ் என்ற சொல்லின் அடியில் ஒரு பொருளைக் கையாளுதல் என்ற பொருள் இருக்கிறது. இதில் தீசிஸின் வேர்தான் மாணவர்களுக்கு நேரடியாக உதவுவது. 280 பக்கத்தில் நீங்கள் எடுத்து வைத்த அந்த ஒரு கருத்து எது? அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்து, ஒரே வாக்கியத்தில் சொன்னார். அந்த வாக்கியம் 212-ஆம் பக்கத்தில், ஒரு பத்தியின் நடுவில் ஒளிந்திருந்தது.

இன்னொரு வழுக்கும் சொல் மெமுவார். ஆங்கில வழியில் மெமுவார் என்றால் நமக்கு நினைவுக் குறிப்பு, வாழ்க்கைக் கதை. ஆனால் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட மெமுவார் வரிசையில் யாருடைய வாழ்க்கையும் கிடையாது. ஒரு கோயில், ஒரு கல்வெட்டுத் தொகுதி, ஓர் அகழாய்வு என்று எடுத்துக்கொண்டு எழுதிய நீண்ட ஆய்வுரைகள் அவை. நூலகத்தில் அந்த வரிசையைத் தன்வரலாறுகளோடு தேடக் கூடாது.

ஒன்றே ஒன்றைப் பற்றி

மோனோகிராப் என்ற சொல்லைச் சொல்லும்போதே பலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், ஏதோ பெரிய சங்கதி போல. கிரேக்கத்தில் மோனோ என்றால் ஒன்று, கிராப் என்றால் எழுத்து. ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் அடி வரை போகிற நூல். தமிழில் தனிவரைவு நூல் என்கிறார்கள், ஒருபொருள் நூல் என்கிறார்கள். இரண்டாவது எனக்குச் சட்டென்று புரிகிறது.

பக்கக் கணக்கு பயன்படாது என்பதற்கு இதுவே சாட்சி. நம் ஊரில் மோனோகிராப் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சாகித்திய அகாதெமியின் இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசை. ஒரு எழுத்தாளர், நூறு பக்கத்தை ஒட்டிய மெல்லிய புத்தகம். இன்னொரு பக்கம் ஐநூறு அறுநூறு பக்கத்தில், ஒரே ஒரு கோயிலைப் பற்றி வரும் நூலும் மோனோகிராப்தான். தாவரவியலில் அந்தச் சொல்லுக்கு இன்னும் கறாரான பொருள்: ஒரு தாவரப் பேரினம் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறதோ அத்தனை இனங்களையும் விடாமல் விவரிப்பது. அதற்கு எதிர்ப்பக்கம் ஃபுளோரா. ஒரு வட்டாரத்தில் இருக்கும் எல்லாச் செடிகளையும் சொல்வது. 1915-க்கும் 1936-க்கும் நடுவில் பகுதி பகுதியாக வந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரத் தொகுதி அந்த வகை. நூலகரைக் கேட்டால் அவர் மூன்றாவதாக ஒரு விளக்கம் சொல்வார்: தொடர்ந்து வரும் இதழ் அல்லாத, ஒருமுறை வந்து முடிகிற புத்தகம் எல்லாமே அவருடைய பட்டியலில் மோனோகிராப். மூவரும் சொல்வது சரி. எந்த மேசையில் உட்கார்ந்து கேட்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் வெறும் சொல்லாகவே இருந்தால் மனதில் தங்காது. அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளலாம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் அந்தப் பழந்துறைமுக மேட்டைப் பற்றியே எத்தனை வகை எழுத்து வந்திருக்கிறது பாருங்கள். 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அவர் எழுதிய அகழாய்வு அறிக்கை 1946-ல் ஏன்ஷியன்ட் இந்தியா என்ற தொல்லியல் துறை இதழின் இரண்டாம் எண்ணில் வந்தது. நூறு பக்கத்துக்கு மேல் நீளும். தனியாக அட்டை போட்டால் புத்தகம் என்றே எடுத்துக்கொள்வோம். ஆனால் இதழுக்குள் வந்ததால் இன்றும் கட்டுரை என்றுதான் மேற்கோள் காட்டுகிறார்கள். அடுத்து ழான் மரி கசால் தோண்டினார். 1949-ல் பிரெஞ்சில் தனிநூலாகக் கொண்டுவந்தார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவின் அகழாய்வு. அதற்கு ஒரு தொகுதி 1996-ல், இன்னொன்று 2004-ல், பிரெஞ்சு தூரக்கிழக்குப் பள்ளி என்ற ஆய்வு நிறுவனத்தின் வெளியீடாக. அதில் பானை ஓடுகளை ஒருவர், வேறு பொருளை வேறொருவர் என்று பல கைகள் எழுதியிருக்கின்றன. அது தொகுப்பு நூல். பதிப்பாசிரியர் ஒருவர், எழுதியவர்கள் பலர்.

ஒரே மண். அறிக்கை, ஒருபொருள் நூல், தொகுப்பு நூல் என்று மூன்று பிறவி. அறிக்கையைப் படிக்கிறவர் அடுத்து அங்கே குழி தோண்டப் போகிறவர். எந்தக் குழியில், எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் ஒரு ரோமானிய மட்பாண்ட ஓடு கிடைத்தது என்பது அவருக்கு வேண்டும். ஆசிரியரின் கருத்து பிற்பாடு தவறாகப் போனாலும் அந்த அளவுகள் உதவும். கருத்து மாறினாலும் தரவு நிற்க வேண்டும் என்ற பொறுப்பு அறிக்கை எழுதுகிறவருக்கு உண்டு. ஒருபொருள் நூல் எழுதுகிறவர் அந்த அளவுகளை வைத்து ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

நம் முன்னோர் வைத்த பெயர்கள்

இந்தச் சொற்களெல்லாம் வெளியிலிருந்து வந்தவை, நமக்குப் பழைய பெயர் கிடையாது என்று ஆய்வு மாணவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வருத்தமாக இருக்கும். நீண்ட அறிவு எழுத்துகளை வகைபிரித்துப் பெயர் வைப்பதில் தமிழ் இலக்கணக்காரர்கள் மிகவும் நுட்பமானவர்கள்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூல்களை மூன்றாகப் பிரிக்கிறது: முதல்நூல், வழிநூல், சார்புநூல். முதல்நூல் யாரையும் பின்பற்றாமல் தானே தோன்றுவது. வழிநூல், முதல்நூலின் முடிவுகளை முழுதும் ஒப்புக்கொண்டு, தேவையான இடத்தில் வேறுபாடு சொல்வது. சார்புநூல், இரண்டுக்கும் ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, மற்றபடி தன் வழியில் போவது.

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். சைவ சித்தாந்தத்தில் சிவஞானபோதத்தை முதல்நூல் என்றும், சிவஞான சித்தியாரை வழிநூல் என்றும், சிவப்பிரகாசத்தைச் சார்புநூல் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். முதலாவதைச் செய்த மெய்கண்டார் பிறந்தது பெண்ணாடம் என்பது மரபு. இரண்டாவதைச் செய்த அருணந்தி சிவாச்சாரியார் பண்ருட்டிப் பக்கம் திருத்துறையூர்க்காரர். மூன்றாவதைச் செய்த உமாபதி சிவம் சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடி. மூன்று ஊரும் இன்றைய கடலூர் மாவட்டம். ஒரே நாளில் பஸ்ஸிலேயே மூன்றையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

சித்தியாரின் அமைப்பைப் பார்த்தால் எனக்கு ஆய்வேடு நினைவுக்கு வரும். அது இரண்டு பாகம். பரபக்கம் பிறருடைய கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கிறது. சுபக்கம் தன் கொள்கையை நிறுவுகிறது. முன்னாய்வுகள் என்ற இயல் ஏன் என்று முணுமுணுக்கும் மாணவர்களுக்கு நான் பரபக்கத்தைக் காட்டுவேன். பிறர் சொன்னதை நேர்மையாக எடுத்து வைத்த பிறகுதான் நம் பேச்சுக்கு எடை வரும்.

இனி உரை. தமிழில் நீண்ட ஆராய்ச்சி எழுத்து பெரும்பாலும் உரையாகவே வளர்ந்தது. உரையிலும் பிரிவு உண்டு. காண்டிகை என்பது சுருக்கமான உரை. கருத்து, சொற்பொருள், உதாரணம், வினாவிடை ஆகியவற்றால் நூற்பாவின், அதாவது சூத்திரத்தின், பொருளைத் தெளிவாக்குவது. விருத்தி அதைத் தாண்டும். நூற்பாவில் நேரடியாகச் சொல்லாததையும், அந்த இடத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும், தன் வாதத்தாலும் பிற நூல் மேற்கோளாலும் ஐயம் தீர விளக்குவது. இன்றைய ஆய்வாளர் தேடுகிற பல குணங்கள் விருத்தி என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

சிவஞானபோதம் மொத்தம் 12 நூற்பா, 40 அடி. உள்ளங்கை அளவுத் தாளில் எழுதிவிடலாம். அதற்குத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய மாபாடியம் பெருநூல். அதே முனிவர் அதே 12 நூற்பாவுக்குச் சிற்றுரை என்று சின்ன உரை ஒன்றும் எழுதினார். எழுதியவர் ஒருவர், மூலம் ஒன்று, உரை மட்டும் இரண்டு. படிக்கிறவர் வேறு என்பதைத் தவிர இதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? தொடங்குகிறவருக்குச் சிற்றுரை, வாதத்துக்கு வருகிறவருக்கு மாபாடியம்.

இதை நன்னூல் தன் முன்னுரையான பாயிரத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டுமாம்: ஆக்கியவன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், அது தொகையா வகையா விரியா என்ற யாப்பு, சொல்ல எடுத்த பொருள், கேட்போர், பயன். ஆயிரம் பக்கம் விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே ஆகாது என்றும் சொல்லி வைத்தார்கள். ஒரு ஆய்வுச் சுருக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வாளர் பெயர், தலைப்பு, ஆய்வு எல்லை, ஆய்வுப் பொருள், இயல் பகுப்பு, பயன். ஏறக்குறைய அதே பட்டியல். ஆனால் கேட்போர் என்ற ஏழாவது செய்தி இன்றைய படிவங்களில் விழுந்துவிட்டது. அந்த ஒன்று இருந்திருந்தால், பட்டம் வாங்கிய பிறகு ஆய்வேட்டை அப்படியே அச்சடிக்கலாமா என்ற கேள்வி எழுதும்போதே தீர்ந்திருக்கும்.

வேறு சில பெயர்கள்

செம்பதிப்பு என்று ஒன்று உண்டு. ஒரு பழைய நூலின் பல சுவடிகளை ஒப்பிட்டு, சுவடிக்குச் சுவடி மாறும் பாடபேதங்களைக் குறித்து, எது சரியான பாடம் என்று காரணத்தோடு தீர்மானித்து வெளியிடுவது. ஆசிரியர் சொந்தமாக ஒரு வரி கூட எழுதாதது போலத் தோன்றும். ஆராய்ச்சியில் கடினமான வேலைகளில் இதுவும் ஒன்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இந்த வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 1955-ல் தொடங்கிய நிறுவனம் அது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பண்டிதர் தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் 1984 முதல் அந்த நிறுவனத்தின் வெளியீடாகத்தான் வந்தது. ஓலையில் ஒற்றுக்குப் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகத் தெரியும். ஒரு எழுத்தைத் தீர்மானிக்க ஒரு நாள் போகிற வேலை. தட்டச்சுக்காரன் என்பதால் ஒரு எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பொறுமையை நினைத்தால் கும்பிடத் தோன்றும்.

ஆய்வடங்கல் என்பது ஒரு துறையில் வந்த ஆய்வுகளின் பட்டியல். மணிவிழா மலர், ஒரு அறிஞரைப் பாராட்டி அவர் மாணவர்களும் நண்பர்களும் கட்டுரை எழுதித் தொகுப்பது. கலைக்களஞ்சியம், கையேடு பற்றி விளக்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் பழக்கம். அறக்கட்டளைச் சொற்பொழிவு அச்சில் வந்தால் அதில் பேச்சின் நடை இருக்கும். அதை ஆய்வேட்டின் அளவுகோலால் அளக்கக் கூடாது.

அந்தப் பெண்ணின் 280 பக்கம்

சரி, ஆய்வேடு எப்படி நூலாகும்? மேசையில் அதைத் திறந்து வைத்து, பென்சிலோடு உட்கார்ந்தோம்.

சான்றிதழும் உறுதிமொழியும் முதலில் போயின. முன்னாய்வுகள் 40 பக்கம். தேர்வாளருக்கு அது தேவைப்பட்டது. நூலை வாங்கிப் படிக்கிறவருக்கு, இந்தச் சொற்களைப் பற்றி இதுவரை என்ன தெரியும் என்று நாலு பக்கத்தில் சொன்னால் போதும். அடிக்குறிப்புகள் இருக்கட்டும், ஆனால் இயலின் கடைசிக்குப் போகட்டும் என்று அவரே சொன்னார். ஒவ்வொரு இயல் முடிவிலும் தொகுப்புரை என்று ஒன்றரைப் பக்கம், மேலே சொன்னது மறுபடியும். தேர்வாளர் ஒரு நாளில் ஒரு இயல் படித்து மதிப்பிடும்போது அது உதவும். நூலில் அது கூறியது கூறல். நன்னூல் சொன்ன பத்துக் குற்றங்களில் ஒன்று.

பிறகு ஒரு பக்கத்தை எடுத்து அவரையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். 'என்பதை அறிய முடிகிறது', 'என்பது புலனாகிறது', 'எனலாம்'. அந்த ஒரு பக்கத்தில் ஏழு தடவை. ஏழாவது தடவை வந்தபோது அவரே நிறுத்திவிட்டார். நெறியாளர் முன் அடக்கமாக நிற்கும்போது வருகிற சொற்கள் அவை, தப்பே இல்லை. படிக்கிறவர் முன் நிற்கும்போது, கண்டதைக் கண்டபடி சொல்லலாம்.

"அப்ப இதை யாரு படிக்கப் போறாங்கன்னு நான் முடிவு பண்ணணும், இல்லண்ணா?"

"ஆமாம்மா. உங்க மனசுல யாரு இருக்காங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "தேவனாம்பட்டினத்துல ஒரு தாத்தா பத்து நாள் கூடவே உக்காந்து ஒவ்வொரு காத்துக்கும் பேரு சொன்னாரு. அவரு பேரன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் எடுத்துப் படிக்கணும்."

அப்படியானால் ஒருபொருள் நூல்; ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில். அந்த 212-ஆம் பக்கத்து வாக்கியம் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். மூன்றாம் இயலைத் தனியாகச் சுருக்கி ஒரு ஆய்விதழுக்குக் கட்டுரையாக அனுப்பலாம் என்றும் பேசினோம்; அது துறைக்காரர்களுக்கு. ஆய்வேடு ஷோத்கங்காவில் இருக்கிறபடி இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம்.

போகும்போது தலைப்புப் பக்கத்தைத் திருப்பினார். நீளமான தலைப்பு, முடிவில் முக்காற்புள்ளி வைத்து 'ஓர் ஆய்வு'. பென்சிலை வாங்கி அந்த இரண்டு சொற்களையும் அடித்தார். மேலே, சின்ன எழுத்தில், அந்தத் தாத்தா சொன்ன ஒரு காற்றின் பெயரை எழுதினார். இரண்டு மாதத்தில் திருத்திக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நூறு காப்பிக்கு இன்னும் தாள் வாங்கவில்லை.